கரித்துண்டும் கோடி ரூபாயும்
(ஓவியர் அம்ரிதா ஷேர்கில் வாழ்க்கை வரலாறு)

அடுப்புக்கரியை எடுத்துச் சுவரில் கோடு இழுத்து, அதற்காக அம்மாவிடம் அடி வாங்காத பிள்ளை நம்மில் எவரேனும் உண்டோ? அந்தக் கரிக்கோடும் ஒரு கலையின் தொடக்கம் என்பதை அடித்த அம்மாவும் அறியார். அடி வாங்கிய பிள்ளையும் அறியாள்.

2023ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் புதுதில்லியில் நடந்த ஓர் ஏலத்தைப் பற்றி நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். அம்ரிதா ஷேர்கில் என்னும் பெண்மணி 1937இல் தீட்டிய 'கதை சொல்பவர்' என்ற ஓவியம் 61 கோடியே 80 இலட்சம் ரூபாய்க்கு விற்பனையாயிற்று. அந்நாள் வரை எந்த இந்திய ஓவியமும் ஏலத்தில் அவ்வளவு விலைக்குப் போனதில்லை. அந்த ஓவியத்தில் அரசர்களும் இல்லை, அணிமணிகளும் இல்லை. கிராமத்து வீட்டின் முன் அமர்ந்திருக்கும் எளிய மனிதர்களே உள்ளனர்.

இச்செய்தியை வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, அந்தப் பணத்தில் வரைந்த அம்மையாருக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. நல்ல கேள்வி அது. அதற்கு விடை சொல்ல வேண்டுமானால் அவ்வம்மையாரின் வாழ்க்கையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பிறப்பும் இளமையும்

அம்ரிதா ஷேர்கில் 1913ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங், பஞ்சாபின் மஜீட்டியா என்னும் சீக்கியப் பெருங்குடியைச் சேர்ந்தவர். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்ற அறிஞர். புகைப்படக் கலையில் பெரும் ஈடுபாடு கொண்டவர். தாயார் மரி அந்துவானெத் ஹங்கேரியப் பெண்மணி. இசை நாடகப் பாடகி. மறு ஆண்டில் இந்திரா என்ற தங்கை பிறந்தாள்.

அவ்வேளையில் முதல் உலகப்போர் மூண்டது. குடும்பத்தார் இந்தியாவுக்குத் திரும்ப இயலாமல் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921ஆம் ஆண்டில்தான் அவர்கள் இந்தியா வந்து சிம்லா மலையில் குடியேறினர். அப்போது அம்ரிதாவுக்கு எட்டு வயது. கையில் கிடைத்த காகிதத்திலெல்லாம் படம் எழுதும் அச்சிறுமியின் ஆர்வத்தைக் கண்ட பெற்றோர் ஓவிய ஆசிரியரை அமர்த்திக் கற்பித்தனர். 1924இல் தாயார் அவரை இத்தாலியின் பிளாரன்ஸ் நகருக்கு அழைத்துச் சென்று ஒரு பள்ளியில் சேர்த்தார். கட்டுப்பாடுகள் மிகுந்த அப்பள்ளி சிறுமிக்குப் பிடிக்கவில்லை. அவ்வாண்டே இருவரும் திரும்பி வந்துவிட்டனர்.

சிம்லாவில் நம் பள்ளியைப் போன்றதொரு கன்னியர் மடப் பள்ளியிலும் அவர் படித்ததுண்டு. தமக்குக் கடவுள் நம்பிக்கை இல்லையென்று அறிவித்ததால் அங்கிருந்து விலக்கப்பட்டார். நம் இதழில் இதை எழுதலாமா என்று சிலர் எண்ணக்கூடும். ஒருவருடைய வரலாற்றில் நமக்கு உகந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைப்பது முறையன்று. மேலும், எவர் சொன்னாலும் கேட்டுத் தலையாட்டாத அந்தக் குணமே பிற்காலத்தில் அவருக்குத் துன்பமும் தந்தது, புகழும் தந்தது.

1926ஆம் ஆண்டில் தாய்மாமன் எர்வின் பாக்தாய் சிம்லாவுக்கு வந்தார். இந்தியப் பண்பாட்டை ஆராய்ந்த அறிஞர் அவர். மருமகளின் படங்களைக் கண்டதும், கற்பனையாக எழுதுவதை விட்டு, கண்முன் இருக்கும் மனிதரைப் பார்த்து எழுதும்படி கூறினார். வீட்டுப் பணியாட்களையே உட்கார வைத்து அம்ரிதா வரையத் தொடங்கினார். எளிய மக்களின் முகங்கள் அவருடைய தாளில் இடம் பெற்றது அன்று முதல்தான்.

பாரிசில் கரித்துண்டு

1929இல் குடும்பம் முழுவதும் பாரிசுக்குச் சென்றது. பதினாறு வயதில் அம்ரிதா அங்கே ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். முதலில் கிராந்த் ஷோமியேர் என்னும் பயிற்சிக் கூடத்திலும், பின்னர் புகழ்பெற்ற எக்கோல் தெ போசார் கல்லூரியில் லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடமும் பயின்றார்.

வண்ணத்தைத் தொடுமுன் மாணவர்கள் கரித்துண்டைக் கையிலேந்திப் பல நூறு படங்கள் வரைய வேண்டும் என்பது அக்காலப் பயிற்சி முறை. இந்தக் கரி நம் வீட்டு அடுப்புக்கரி போன்றதே. திராட்சைக் கொடியின் அல்லது வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளை மூடிய கலத்தில் வைத்து, காற்றுப் புகாமல் மெல்லச் சுட்டு எடுப்பார்கள். காற்றுப் புகுந்தால் குச்சி எரிந்து சாம்பலாகிவிடும், புகாவிட்டால் கரியாகும். இலேசாகத் தேய்த்தால் சாம்பல் நிறம். அழுத்தினால் இருள் நிறம். விரலால் தடவினால் நிழல். ரப்பர் வருமுன் மிருதுவான ரொட்டியைப் பிசைந்து அதைக்கொண்டுதான் அழித்தார்கள். பென்சிலைப் போல நுணுக்கமாக அலங்கரிக்க அது இடம் தராது. ஆகவே உடலின் பாரம் எங்கே நிற்கிறது, ஒளி எங்கே விழுகிறது என்பவற்றைக் கண் முதலில் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் கரி தாளில் ஒட்டிக்கொள்வதில்லை. தூளாக மேலே தங்கி நிற்கிறது. ஒரு முறை தாவணி உரசினால் போதும், ஒரு மாத உழைப்பு போய்விடும். எனவே வரைந்து முடித்தபின் மெல்லிய பிசின் கரைசலைத் தெளித்து அதனை நிலைப்படுத்துவார்கள். கண்ணாடிச் சட்டம் போடும்போதும் கண்ணாடி படத்தில் படாதபடி இடைவெளி விடுவார்கள். இவ்வளவு எளிதில் அழியக்கூடிய பொருள் என்பதால்தான், பல ஆண்டுகள் கழித்தும் நல்ல நிலையில் ஒரு கரி ஓவியம் ஏலத்துக்கு வரும்போது அதற்குத் தனி மதிப்பு ஏற்படுகிறது. பாரிசில் அம்ரிதா எழுதிய கரி ஓவியங்கள் பல இன்றும் இருக்கின்றன.

இப்பயிற்சி வீண்போகவில்லை. 1932இல் தீட்டிய 'இளம் பெண்கள்' என்ற ஓவியத்திற்குத் தங்கை இந்திராவும் ஒரு தோழியும் மாதிரியாக அமர்ந்தனர். 1933இல் அந்த ஓவியம் பாரிசின் பெருங்கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. அக்கண்காட்சிச் சங்கத்தின் இணை உறுப்பினராகவும் அம்ரிதா தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபதே.

தாயகம் அழைத்தது

பாரிசிலேயே இருந்திருந்தால் பேரும் பொருளும் தேடி வந்திருக்கும். ஆயினும் தம் இடம் இந்தியாவே என்ற எண்ணம் அம்ரிதாவின் உள்ளத்தில் வேரூன்றிவிட்டது. 1934ஆம் ஆண்டின் இறுதியில் தாயகம் திரும்பினார். ஐரோப்பிய உடையைக் களைந்து சேலை உடுத்தலானார். இந்நாட்டு ஏழை எளியவர்களின் மௌனமான முகங்களை ஓவியத்தில் நிறுத்துவதே தம் பணி என்று முடிவு செய்தார்.

1935இல் 'மலைநாட்டு ஆடவர்', 'மலைநாட்டுப் பெண்கள்', 'மூன்று பெண்கள்' ஆகிய ஓவியங்கள் உருவாயின. 'மூன்று பெண்கள்' ஓவியத்தில் கண்களைத் தாழ்த்தியபடி மூவர் அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை. தங்கள் வாழ்க்கையைத் தாங்கள் தீர்மானிக்க முடியாது என்பதை அறிந்தவர்களைப் போலக் காத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கும் எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை பாராமல் நகர முடியாது.

அக்காலத்தில் வெள்ளையர் எழுதிய இந்தியப் படங்களில் கிராமம் என்றால் அழகிய ஆற்றங்கரை, தென்னை மரம், குடமேந்திய மங்கை என்றிருக்கும். அம்ரிதா அப்படி எழுத மறுத்தார். வறுமையை அழகுப் பொருளாக்காமலும், கண்ணீர் சிந்த வைக்கும் காட்சியாக்காமலும், மனிதரை மனிதராகவே வரைந்தார். அதனால் அவருக்கு வரவேற்பு உடனே கிடைக்கவில்லை. 1935இல் சிம்லாவில் நடந்த கண்காட்சிக்கு அனுப்பிய படங்களில் சிலவற்றை ஏற்று, சிலவற்றை ஒதுக்கி, ஒன்றுக்குப் பரிசும் அளித்தனர். அப்பரிசை அவர் ஏற்க மறுத்துவிட்டார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இத்தனை பிடிவாதமா என்று பேசினார்கள். ஆனால் 1937இல் 'மூன்று பெண்கள்' ஓவியத்திற்கே பம்பாய் ஓவியச் சங்கம் தங்கப் பதக்கம் அளித்தது.

தென்னாட்டுப் பயணம்

நம் தென்னாட்டிற்கும் அம்ரிதாவின் கலைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1936ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் படங்களை எடுத்துக்கொண்டு பயணம் புறப்பட்டார். அஜந்தா குகை ஓவியங்களைக் கண்டு மெய்ம்மறந்து நின்றார். அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் தெற்கே வந்து கன்னியாகுமரி வரை சென்றார். கொச்சியில் மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவர்களில் உள்ள பழைய ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டார். அவற்றைக் கண்டபின், பாரிசில் கற்ற கோட்டுக்கும் இந்நாட்டுச் சுவர் ஓவியரின் கோட்டுக்கும் உறவு உண்டு என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

சிம்லா திரும்பியதும் 1937இல் மூன்று பெரிய ஓவியங்களைத் தீட்டினார். 'மணப்பெண் அலங்காரம்', 'பிரம்மசாரிகள்', 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்பன அவை. கருத்த மேனியும் வெள்ளை ஆடையுமாக நம் ஊர் மக்கள் அவற்றில் காட்சி தருகின்றனர். நிறம் கறுப்பு என்று வருந்தும் பெண்கள் அவ்வோவியங்களை ஒரு முறை பார்க்க வேண்டும். கருமை எத்தனை கம்பீரமானது என்பதை உணர்வார்கள்.

இத்தகைய ஓவியங்களை அன்று வாங்கியவர் யார்? இங்கேதான் அந்த மாணவியின் கேள்விக்கு முதல் விடை கிடைக்கிறது. ஐதராபாத்தில் பெருஞ்செல்வரான நவாப் சாலார் ஜங் படங்களை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மகாராஜா இவருடைய படங்களை விட்டு, இரவி வர்மாவின் படங்களையே தேர்ந்தெடுத்தார். 1937 நவம்பரில் லாகூரில் ஒரு பெரிய ஓட்டலில் 33 ஓவியங்களை வைத்துக் கண்காட்சி நடத்தினார். அறிஞர்கள் பாராட்டினார்கள், ஆனால் பாராட்டைக் கொண்டு வண்ணமும் துணியும் வாங்க முடியுமா? பெருங்குடியில் பிறந்திருந்தும் பணக்கவலை அவரை விடவில்லை.

சராயாவில் கிராம வாழ்வு

1938இல் ஹங்கேரிக்குச் சென்று, தம் தாயாரின் சகோதரி மகனும் மருத்துவருமான விக்டர் எகான் என்பவரை மணந்தார். இரண்டாம் உலகப்போர் மூளும் சூழலில், 1939இல் இருவரும் இந்தியா வந்து சேர்ந்தனர். கோரக்பூர் மாவட்டத்தில் சராயா என்னும் சிற்றூரில் தந்தையின் குடும்பத்தாருக்குச் சொந்தமான சர்க்கரை ஆலை இருந்தது. அங்கே கணவர் மருத்துவப் பணி புரிந்தார். அம்ரிதா ஓவியம் தீட்டினார்.

மணமாவதற்கு முன்பே சராயாவில் தங்கி வரைந்தவர் அவர். 1938இல் எழுதிய 'கிராமக் காட்சி', 'பெண்கள் முற்றம்' ஆகியவை அவ்வூர் வாழ்விலிருந்து பிறந்தவை. 1940இல் 'மஞ்சள் அரைப்பவர்கள்', 'ஊஞ்சல்', 'கயிற்றுக் கட்டிலில் ஓய்வெடுக்கும் பெண்' முதலியவை தோன்றின. மஞ்சள் அரைப்பதும், தலை வாருவதும், மதிய வெயிலில் சற்றே படுத்திருப்பதும் எந்த வரலாற்று நூலிலும் இடம் பெறாத செயல்கள். அவற்றையே அவர் வரலாறாக்கினார்.

அம்ரிதா கிராமத்தில் பிறந்தவர் அல்லர். ஆலை முதலாளியின் வீட்டுப் பெண்ணாகவே அவ்வூரில் வாழ்ந்தார். அவர் வரைந்த பெண்களுடைய உழைப்பின் களைப்பை அவர் தம் உடலால் அறிந்திருக்க முடியாது. ஆயினும் மேலிருந்து இரக்கப்பட்டுப் பார்க்காமல், அவர்களுக்கு நேரே அமர்ந்து பார்த்தார். அந்த நேர்மைதான் அப்படங்களுக்கு உயிர்.

அணைந்த விளக்கு

1941 செப்டம்பரில் கணவருடன் லாகூரில் குடியேறினார். டிசம்பரில் பெரியதொரு கண்காட்சி நடத்த ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அவர் குடியிருந்த வீட்டின் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் கீழே பால்காரர்களின் வீடுகளும் எருமைகளும் தெரியும். பெருநகரத்தின் நடுவிலும் அவர் கண் கிராமத்தையே தேடியது. அந்தக் காட்சியை எழுதத் தொடங்கினார். படம் முடியவில்லை. கண்காட்சிக்குச் சில நாட்களே இருக்கையில் திடீரென நோயுற்று, 1941 டிசம்பர் 5ஆம் நாள் நள்ளிரவில் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தெட்டு.

அவருடைய மறைவுக்குப் பின்னரே அந்தக் கண்காட்சி நடந்தது. வரைந்தவர் இல்லாத மண்டபத்தில் ஓவியங்கள் மட்டும் நின்றன.

குடும்பத்தார் அளித்த ஓவியங்கள் பல, 1954இல் புதுதில்லியில் திறக்கப்பட்ட தேசிய நவீனக் கலைக்கூடத்தில் இன்று உள்ளன. தங்கை இந்திரா, தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த ஐ.சி.எஸ். அதிகாரியான கே.வி.கே. சுந்தரம் அவர்களை மணந்தார். 1958 முதல் 1967 வரை நாட்டின் தலைமைத் தேர்தல் ஆணையராகப் பணியாற்றியவர் இவர். இவர்களுடைய மகன் விவான் சுந்தரமும் சிறந்த ஓவியர். தம் பெரியம்மாவின் கடிதங்களையும் எழுத்துகளையும் தொகுத்து 2010இல் வெளியிட்ட அவர், 2023இல் மறைந்தார்.

ஏலத்தின் கணக்கு

இப்போது ஏலத்திற்கு வருவோம். ஓர் ஓவியம் ஏலத்திற்கு வரும்போது, அது யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது, கையொப்பம் உண்மையானதா, தாளோ துணியோ பழுதுபட்டிருக்கிறதா என்றெல்லாம் ஆராய்ந்து ஏலக்காரர்கள் ஒரு மதிப்பீட்டு விலை வெளியிடுவார்கள். அதற்கும் கீழே போனால் விற்பதில்லை என்று உரிமையாளருடன் பேசி வைத்த விலை ஒன்று உண்டு. அதை வெளியில் சொல்வதில்லை. போட்டி நின்று சுத்தியல் விழுந்ததும் விலை உறுதியாகிறது. அதற்கு மேல் ஏலக்காரருக்கு உரிய கமிஷனையும் வாங்குபவர் செலுத்த வேண்டும்.

2006இல் 'கிராமக் காட்சி' 6 கோடியே 90 இலட்சத்திற்கும், 2021இல் 'பெண்கள் முற்றம்' 37 கோடியே 80 இலட்சத்திற்கும் விற்பனையாயின. 'கதை சொல்பவர்' படைத்த சாதனையை 2025 மார்ச் மாதம் நியூயார்க் ஏலத்தில் எம்.எப். உசேன் 1954இல் தீட்டிய 'கிராம யாத்திரை' முறியடித்தது. அதன் விலை 1 கோடியே 37 இலட்சம் டாலருக்கும் மேல். அதுவும் கிராம வாழ்வைக் காட்டும் ஓவியமே என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. கிராமத்தை விட்டு ஓடி வந்தவர்கள் கட்டிய நகரங்களில், கிராமத்தின் படத்திற்கு இத்தனை விலை!

இந்தப் பணம் யாருக்குச் சேரும்? விற்ற உரிமையாளருக்கே சேரும். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட ஒரு பிரிவின்படி, ஓவியம் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் வரைந்தவரோ அவருடைய வாரிசோ ஒரு பங்கு கேட்கலாம். அப்பங்கு பத்து விழுக்காட்டிற்கு மேற்படக் கூடாது. ஆனால் பதிப்புரிமை உள்ள காலம் வரையில்தான் அந்த உரிமை. வரைந்தவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின் அது முடிந்துவிடும். அம்ரிதா மறைந்தது 1941இல். எனவே 2001ஆம் ஆண்டோடு அந்த உரிமையும் முடிந்தது. 61 கோடியில் வரைந்தவருக்கோ வாரிசுக்கோ சட்டப்படி கிடைத்தது ஒன்றுமில்லை. படத்தில் அமர்ந்திருக்கும் கிராமத்து மக்களுக்கும் ஒன்றுமில்லை.

ஆனால் நாட்டிற்கு ஒன்று கிடைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அம்ரிதாவின் ஓவியங்கள் தேசியக் கலைச்செல்வம் என 1976இல் அறிவிக்கப்பட்டன. அவற்றை இந்தியாவிலிருந்து வெளியே விற்க இயலாது. எத்தனை கோடி கொடுத்து வாங்கினாலும் படம் இம்மண்ணிலேயே இருக்க வேண்டும். 1978இல் 'மலைநாட்டுப் பெண்கள்' ஓவியம் அஞ்சல் தலையாகவும் வெளிவந்தது. அரசர்கள் வாங்க மறுத்த ஓவியரின் படத்தை ஓர் அஞ்சல் தலையின் விலை கொடுத்து யாரும் தம் கடிதத்தில் ஒட்டிக்கொள்ள முடிந்தது.

நமக்கு ஒரு சொல்

மாணவியரே! விலை என்பது வேறு, மதிப்பு என்பது வேறு. விலையை ஏலச் சுத்தியல் சொல்லும். அது இன்று ஏறும், நாளை இறங்கும். மதிப்பு, வரைந்தவர் எதைக் கூர்ந்து பார்த்தார் என்பதில் இருக்கிறது. படம் விலை போகாத நாளிலும் அம்ரிதா தம் பார்வையை மாற்றிக்கொள்ளவில்லை. விற்பனையாகும்படி குடமேந்திய மங்கையை எழுதித் தாருங்கள் என்றிருந்தால், அவர் எழுதியிருக்க மாட்டார்.

நம் பெரம்பூரில் கிராமம் இல்லையே என்று எண்ண வேண்டாம். விடியற்காலையில் ரயில் நிலைய வாசலில் பூக்கட்டும் பாட்டி, காசிமேட்டிலிருந்து மீன் கூடையோடு வரும் அம்மாள், ஐ.சி.எப். ஆலைச் சங்கு கேட்டுச் சைக்கிளில் விரையும் தொழிலாளி ஆகியோரின் முகங்களை யாராவது கூர்ந்து பார்த்து வரைந்ததுண்டா? ஓவியம் கற்க விரும்புவோருக்கு 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின்கலைக் கல்லூரியும் நம்மிடமிருந்து தொலைவில் இல்லை.

ஒரு கரித்துண்டும் ஒரு தாளும் போதும். அடுத்த முறை உங்கள் தம்பியோ தங்கையோ சுவரில் கரிக்கோடு இழுத்தால், அடிக்குமுன் அந்தக் கோட்டை ஒரு கணம் பாருங்கள். கேள்வி கேட்ட அந்த மாணவி மறுநாள் தன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தன் பாட்டி வெற்றிலை இடிப்பதை வரைந்து கொண்டுவந்து காட்டினாள். கை சற்றே நீளமாகிவிட்டது. ஆனால் பாட்டியின் முதுகின் வளைவு அப்படியே இருந்தது.